என் தங்கையும் அமெரிக்க அதிபரின் வரியும்

என் தங்கை சந்திரகலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. யாராவது திட்டினால் அழமாட்டாள், எதிர்த்தும் பேசமாட்டாள். "ஏன் திட்றீங்க?" என்று கேட்பாள். வம்புக்குக் கேட்பதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். கணக்கு வாத்தியாரிடம் இப்படிக் கேட்டு இரண்டு அடி கூடுதலாக வாங்கியிருக்கிறாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "வாத்தியாரு வூட்ல ஏதோ தகராறாம்க்கா, அதான் நம்ம மேல வுழுது" என்று எனக்கு விளக்கம் சொன்னாள்.

அவள் பன்னிரண்டாவது வரை படித்தாள். பாகூர்ப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தில் வந்த வருமானத்தில் ஒருத்திதான் படிக்க முடியும் என்றபோது, நான் எட்டாவதோடு நின்று பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடைக்கு வந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சரியான ஆளைத்தான் படிக்க வைத்தார்கள் என்பதற்கு நான் எழுதப் போவதே சாட்சி.

கலா பல வருடம் ஒரு பெரிய ஆயத்த ஆடை ஆலையில் தைத்தாள். பிறகு எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சக்கரபாணி என்பவரின் சிறிய ஆலைக்கு மாறினாள். அவர் துணிப்பையும் தலையணை உறையும் தைத்து உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். வெளிநாட்டுக்குத் தைக்க ஒரு தனிப் பகுதி தொடங்கலாம், ஆட்களை நான் கொண்டுவருகிறேன் என்று அவரிடம் சொன்னவள் கலாதான். பழைய ஆலையிலிருந்து அவளை நம்பி இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அமெரிக்காவில் பரிசுப்பொருள் கடைகள் நடத்தும் டெப்ரா என்ற அம்மாவிடமிருந்து முதல் ஆர்டரும் வந்தது.

கிறிஸ்துமஸ் காலுறை. சிவப்பு வெல்வெட்டில், வாய்ப்பக்கம் வெள்ளைப் பஞ்சு ரோமம் வைத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு சாக்ஸ்.

அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அந்தப் பகுதியே சிரித்ததாம். அங்கே தைக்கும் கொளஞ்சி என்பவளுக்கு வாய் அதிகம்.

"இது யாரு காலுக்குக்கா? ஆனைக்கா?"

"காலுக்கு இல்லடி. செவுத்துல தொங்கவுடுவாங்களாம். பிள்ளைங்க தூங்குனப்புறம் அதுக்குள்ள பரிசு போடுவாங்களாம்."

"எங்க தெருவுல கிறிஸ்தவங்க ஸ்டார் கட்டுவாங்க, குடில் வைப்பாங்க. சாக்ஸத் தொங்கவுட்டு நான் பார்த்ததே இல்ல. பரிசப் போட ஒரு பை போதாதா? நம்மதான் நல்லாப் பை தைப்போமே!"

முதலில் தைத்து அனுப்பிய மாதிரிகளில் பாதி வலது கால், பாதி இடது கால். சாக்ஸ் என்றால் ஜோடிதானே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. டெப்ரா அம்மா படம் எடுத்துத் திருப்பி அனுப்பினார். பாதிக் கால்கள் ஏன் தப்பான பக்கம் பார்க்கின்றன, எங்கள் கடைகளில் வரிசையாகத் தொங்கும்போது எல்லாம் ஒரே பக்கம்தான் பார்க்கும் என்று எழுதியிருந்தார். கலா இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மறுபடி தைத்தார்கள். அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஒரு கண்டெய்னர் நிறைய ஆர்டர் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சக்கரபாணி சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னது கலாவுக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இந்த ஒரு கண்டெய்னர் பெட்டி ஒழுங்காப் போய்ச் சேரணும், அடுத்த ஆர்டர் வரணும். வந்தா இந்தப் பகுதி நிக்கும். வரலன்னா மெஷின வித்துட்டு நான் பழையபடி பை தைக்கப் போயிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." அவர் மறைத்துப் பேசுகிறவர் இல்லை. ஆக, அந்தப் பெட்டி போய்ச் சேர்வதில்தான் அத்தனை பேர் வேலையும் இருந்தது. அவர்களை அழைத்து வந்தவள் என் தங்கை.

சரக்கு 2025 ஜூலை கடைசி வாரத்திலேயே தயாராகிவிட்டது. ஏற்றுமதி, சுங்க வேலைகளை அவர்களுக்குப் பார்த்துக் கொடுப்பவர் சிராஜுதீன் பாய். காந்தி வீதியில் ஒரு மாடியில் அவருடைய அலுவலகம். அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுங்க இலாகாவில் இருந்தவர். அந்த இலாகாவை இன்றைக்கும் அந்த வீட்டில் 'துவான்' என்றுதான் சொல்வார்கள்.

"இந்த வாரக் கடைசியிலயே சென்னையிலருந்து கப்பல் இருக்கு கலாம்மா. எடம் சொல்லிடட்டுமா?" என்று பாய் கேட்டார்.

"ஆடியில மொதப் பெட்டிய அனுப்பறதா பாய்?"

"கப்பலுக்கு ஆடி ஆவணி தெரியாதும்மா."

"தைச்ச பொண்ணுங்களுக்குத் தெரியுமே. ஏதாவது ஒன்னு கோணலாச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாளுங்க. பதினெட்டாம் பெருக்கு வந்துரட்டும். அன்னிக்கி ஏத்திடலாம்."

சக்கரபாணி சாரும் சரி என்றார். அவர் ஆடியில் ஸ்கூட்டருக்கு டயர்கூட மாற்றமாட்டார். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆடி பிறந்தால் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, ஆனால் ஆடிப்பெருக்கு அன்றைக்குத் தொடங்கினால் பெருகும். அந்த வருடம் பெருக்கு ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

அதற்குள் ஜூலை முப்பதாம் தேதி ஒரு செய்தி வந்தது. இந்தியாவிலிருந்து வரும் சரக்குக்கு இருபத்தைந்து சதவீதம் வரி என்று அமெரிக்க அதிபர் அறிவித்துவிட்டார். ஆனாலும் டெப்ரா அம்மா, சமாளித்துக்கொள்ளலாம், அனுப்புங்கள் என்று பதில் போட்டார். பெருக்கு அன்று பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து லாரியை அனுப்பினார்கள். கலா எனக்கு வீடியோ அனுப்பியிருந்தாள். அதில் கொளஞ்சி லாரியைப் பார்த்து, "போயி அந்தூரு புள்ளைங்களச் சிரிக்க வை தாயி" என்று கும்பிடுகிறாள்.

லாரி போன அந்த வாரத்திலேயே, வியாழக்கிழமை காலையில் அடுத்த செய்தி வந்தது. ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குவதற்காக இன்னும் ஒரு இருபத்தைந்து. மொத்தம் ஐம்பது. இது ஆகஸ்ட் இருபத்தேழு முதல்.

அன்றைக்கு ஆலையில் யாருக்கும் கை ஓடவில்லையாம்.

"நாம என்னாக்கா பண்ணோம் அந்தாளுக்கு?" என்று கொளஞ்சி கேட்டிருக்கிறாள்.

"அதான் எனக்கும் தெரியணும்" என்றாள் கலா.

இங்கிருந்துதான் என் தங்கை அமெரிக்க அதிபரின் பின்னால் போக ஆரம்பித்தாள். மற்றவர்கள் எல்லாம் அவரைத் திட்டினார்கள். மார்க்கெட்டில் என் கடைக்கு எதிரே மீன் வாங்க வருகிறவர்கள்கூடத் திட்டினார்கள். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து இறால் அனுப்புகிறவர்களுக்கும் அதே அடி. கலா திட்டவில்லை. வேலை முடிந்து வரும்போது கடைக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து செல்போனில் செய்தி பார்ப்பாள். தமிழில் இருப்பதை முதலில் படிப்பாள், பிறகு ஆங்கிலத்தில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். புரியாத சொல்லை அவள் வீட்டுக்காரர் இனியவனிடம் கேட்பாள். அவர் மின்சாமான் கடையில் வேலை பார்ப்பவர். "நம்ம ஊரு முதலமைச்சரப் பத்திக்கூட இவ இவ்ளோ கேட்டதில்லீங்க அண்ணி" என்று என்னிடம் முறையிட்டார்.

அவள் கண்டுபிடித்துச் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

"அக்கா, அந்தூர்ல முன்ன ஆலைங்க நெறைய இருந்துச்சாம். வெளிநாட்டுல கூலி கம்மின்னு எல்லாம் வெளியில போயிடுச்சாம். வேல போனவங்ககிட்ட, 'நான் வந்தா திரும்பக் கொண்டாந்துருவேன்'னு சொல்லித்தான் இவரு ஓட்டு வாங்கியிருக்காரு. வெளிச் சரக்குக்கு வரி போட்டா உள்ளூர்லயே செய்ய ஆரம்பிச்சுருவாங்கன்னு அவரு கணக்கு. அது உள்வீட்டுப் பிரச்சினை."

"சரி. எண்ணெய் எங்க வந்துச்சு இதுல?"

"அது வெளிவிவகாரம். ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்ட நடக்குதுல்ல, அத நான் நிறுத்திக் காட்டறேன்னும் சொல்லியிருக்காரு. நிக்கல. ரஷ்யாகிட்ட எண்ண வாங்குற நம்மள நெருக்குனா ரஷ்யா எறங்கி வரும்னு பாக்குறாரு. ரெண்டும் சேந்துதான் இந்த அம்பது."

"அவுங்க ஊரு ஆலை, அவுங்க ஊரு சண்ட. நடுவுல உன் சாக்ஸு எதுக்குடி?"

"அதான்க்கா எனக்கு ஆச்சரியமா இருக்கு" என்றாள். முகத்தில் கவலையும் இருந்தது, ஆனால் கண் இரண்டும் புதுச் சேலைக் கட்டைப் பிரிக்கிறவளுடையதைப் போல இருந்தன.

இன்னொரு விஷயம் அவளைத் தூங்கவிடவில்லை. வரியை யார் கட்டுவது? நாமாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். சக்கரபாணி சாரிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "நம்ம கப்பல்ல ஏத்துறதோட சரி. அங்க துறைமுகத்துல வரி கட்டுறது டெப்ரா அம்மாதான்."

"அப்ப அந்த அதிபரு அவரு ஜனங்ககிட்டயேதான வாங்குறாரு சார்?"

"ஆமா. ஆனா அந்தம்மா வெலயக் கொறைன்னு நம்ம தலையிலதான் கட்டப் பாக்கும். இல்லன்னா கடையில வெலய ஏத்தும். ஏத்துனா யாரும் வாங்க மாட்டாங்க."

"ஏத்துனா ஜனங்க அவரத்தான கேப்பாங்க?"

"கேப்பாங்க. அது அவரு பாடு. நம்ம பாட்ட மொதல்ல பாரு."

நம்ம பாடு கடல் மேல் இருந்தது. சென்னையிலிருந்து நேராக அமெரிக்காவுக்குப் போகிற கப்பல் இல்லை அது. சிறிய கப்பலில் கொழும்பு வரை போய், அங்கே இறக்கி, பெரிய கப்பலில் ஏற்ற வேண்டும். கூடுதல் வரியிலிருந்து தப்ப வேண்டுமானால் இருபத்தேழாம் தேதி பிறப்பதற்குள் அந்தப் பெரிய கப்பலில் பெட்டி ஏறியிருக்க வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு, ஆனால் முதல் படி இதுதான். பாய் முதலில் சொன்ன கப்பலை விட்டதால் அடுத்த கப்பலில் இடம் கிடைக்க நாளாகிவிட்டது. கொழும்பிலோ பெட்டிகள் குவிந்து கிடந்தன.

ஆகஸ்ட் இருபத்தேழு, புதன்கிழமை, பிள்ளையார் சதுர்த்தி. அமெரிக்காவில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஒன்பதரை என்று கலா கண்டுபிடித்து வைத்திருந்தாள். எனக்குக் கடையில் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் பையனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு அவளோடு சிராஜுதீன் பாய் அலுவலகத்துக்குப் போனேன். தெருவெல்லாம் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையுமாகக் கூட்டம். பாய் எங்களுக்காகவே கதவைத் திறந்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் கடல் வரைபடத்தில் ஒவ்வொரு கப்பலும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

"அந்தப் பெரிய கப்பல் எது பாய்?"

"இன்னும் கரைக்கே வரல. வெளியில நங்கூரம் போட்டு நிக்குது, தோ."

"நம்ம பெட்டி?"

"கொழும்புல எறக்கியாச்சு. ஏத்தல."

அந்தப் புள்ளியையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. ஒன்பதரை தாண்டியதும் பாய் டீ சொன்னார்.

"நான் குறிச்ச நாளு பாய்" என்றாள் கலா.

"சும்மா இரும்மா. முன்னாடியே அனுப்பியிருந்தாலும் கடல்ல என்ன வேணா நடக்கும்."

"நடந்திருக்கலாம். ஆனா இப்ப நடந்தது என்னாலதான."

பாய் அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர், அதனால்தான் கலாவுக்கு அவரைப் பிடிக்கும்.

மறுநாள் ஆலையில் எல்லோரையும் நிறுத்தி நடந்ததைச் சொன்னாள். நான்தான் ஆடிப்பெருக்கு வரை நிறுத்தி வைத்தேன், நிறுத்தாமல் இருந்தால் தப்பியிருக்கலாம் என்று சொன்னாள். பிறகு கொளஞ்சி, "நீ நாள் குறிச்சப்ப நாங்க யாரும் வேணான்னு சொல்லலியே. ஆடியில ஏத்தியிருந்தா நானே லாரி முன்னால படுத்திருப்பேன்" என்றாளாம்.

அந்தச் சனிக்கிழமை கலா கடைக்கு ஓடி வந்தாள். "அக்கா, அங்க கோர்ட்டு சொல்லிடுச்சு! இப்படி வரி போட அதிபருக்கு அதிகாரமில்லன்னு!"

"அப்ப வரி போச்சா?"

"இல்ல. அவரு மேல்கோர்ட்டுக்குப் போறாரு. அதுவரைக்கும் வரி இருக்கலாமாம்."

வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர், "நம்மூரு கோர்ட்டு மாதிரியேதான் இருக்குது" என்றார்.

"ஆனா பாருங்க, அதிபர் மேலயே கேஸ் போட்டது யாருன்னு நெனைக்கறீங்க? எல்லாம் அந்தூரு சின்னச் சின்ன யாவாரிங்க!" என்று அவரிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவர் வெங்காயத்தை விட்டுவிட்டு நின்று கேட்டார். அரை மணி நேரம் எனக்கு யாவாரம் நடக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் டெப்ரா அம்மா வீடியோவில் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார். நமக்கு மாலை, அவருக்கு விடியற்காலை. சக்கரபாணி சார் கலாவையும் உட்கார வைத்துக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில் பேசி, கலாவுக்குத் தமிழில் சொல்வார். அன்றைக்கு நடந்ததைக் கலா எனக்கு மறுநாளே சொன்னாள்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், தலை கலைந்திருந்தது. அவர் பேச்சு நேராக இருந்தது. இத்தனை வரி கட்டிச் சரக்கை எடுத்தால் நான் மூழ்கிவிடுவேன், விலையைப் பாதியாகக் குறையுங்கள், இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றார். சக்கரபாணி சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, பாதி விலைக்குக் கொடுத்தால் துணிக்கே காணாது என்றார்.

அப்போதுதான் கலா, "சார், அவுங்ககிட்ட ஒன்னு கேக்கணும்" என்றாள்.

"என்ன?"

"அவுங்க ஊருல இந்த வரி வேணும்னு சொல்றவங்க யாரு, எதுக்குச் சொல்றாங்கன்னு."

"கலா, இப்பவா?"

"கேளுங்க சார்."

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்த அம்மா முதலில் வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார், நன்றாகவே சிரித்தார். என் கூடப்பிறந்த அண்ணன்தான் வேண்டும் என்கிறான் என்றார். போன குடும்ப விருந்தில் இதற்காகவே இரண்டு பேருக்கும் சண்டை வந்து, அண்ணன் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாராம். அவர்கள் ஊரில் ஒரு பனியன் ஆலை இருந்ததாம். அவர்களைப் பெற்ற அம்மா அங்கே தையல் மெஷினில் வேலை பார்த்தவர். டெப்ரா பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆலையை மூடிவிட்டார்களாம். வேலை எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விட்டது. எங்கள் அம்மா அதற்குப் பிறகு பழையபடி ஆகவேயில்லை, அதை அண்ணன் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை, ஆனால் அந்த ஆலை இந்த வரியால் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மாதம் என் கடையில் இருக்கும் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும் என்பதுதான் என்றார்.

"அவுங்கம்மா என்ன தைச்சாங்களாம்?" என்று கலா கேட்டாள்.

உள் பனியனும் காலுறையும் என்று பதில் வந்தது.

"எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. அந்தாயி வேலைதான் சுத்திச் சுத்தி நம்ம கைக்கு வந்திருக்கு. அந்தண்ணன் கோவத்துல ஞாயமில்லன்னு என்னால சொல்ல முடியல. ஆனா கொளஞ்சி என்ன பண்ணுவா?" என்று கலா மறுநாள் என்னிடம் சொன்னாள்.

அந்தப் பேச்சிலேயே பிறகு அவள் இன்னொரு கேள்வியும் கேட்டாள். அது எங்கள் மார்க்கெட் பழக்கத்திலிருந்து வந்த கேள்வி. என்னைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்கள் மண்டியில் வெங்காயம் பேசி முடித்தாலும் எல்லா மூட்டையையும் ஒரே நாளில் எடுக்கமாட்டோம். மண்டியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவைத்து, விற்க விற்க எடுப்போம். எடுத்ததற்குத்தான் பணம் கொடுப்போம்.

"சார், வரிய மொத்தமா ஒரே நாள்லதான் கட்டணுமா? துறைமுகத்துலயே பெட்டிய வச்சுட்டு, விக்க விக்க எடுத்து, எடுத்ததுக்கு மட்டும் கட்டுனா ஆகாதா?"

சக்கரபாணி சார் அதைச் சொன்னதும் அந்த அம்மா உடனே, அப்படிக் கிடங்கு உண்டு என்றார். சுங்கத்தாரின் பூட்டுக்குள் சரக்கு இருக்கும், வெளியில் எடுக்கிற அன்றைக்கு என்ன வரியோ அதைத்தான் கட்ட வேண்டும். அவருக்கு அது முன்பே தெரியும். ஆனால் கிடங்குக்கு வாடகை உண்டு, கிறிஸ்துமஸ் தாண்டினால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை இந்தச் சரக்கை யாரும் தொடமாட்டார்கள், அதனால் அதை ஒதுக்கிவிட்டாராம். வாடகையில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டால் என்ன என்று கலா சாரைப் பார்த்தாள். சார் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் சரி என்றார்.

பெட்டி அங்கே போய்ச் சேர்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை எடுப்பது, விலையைக் கொஞ்சம் ஏற்றி விற்றுப் பார்ப்பது, மீதி பூட்டுக்குள் இருக்கட்டும், மேல்கோர்ட் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். இப்படி முடிவானது.

பெட்டி திரும்பி வரவில்லை. ஆனால் பகுதி தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. விற்ற அளவுக்குத்தான் பணம் வரும் என்பதால் எல்லோருக்கும் சம்பளம் போட சாரிடம் வழியில்லை. பாதிப் பேரை நிறுத்திவிடலாம் என்றார். கலா இரண்டு நாள் அவரோடு மல்லுக்கட்டினாள். பிரெஞ்சுக்காரர் கட்டிய வெள்ளை நகரத்தில் இருக்கும் தங்கும் விடுதிகளுக்கு ஏறி இறங்கி, தலையணை உறையும் சமையல்காரர்கள் முன்னால் கட்டும் ஏப்ரனும் தைத்துத் தர ஆர்டர் பிடித்தாள். அந்தப் பகுதியில் அதுவரை பார்த்துவந்த மேற்பார்வை வேலையை விட்டுவிட்டு, அந்தக் கூடுதல் சம்பளமும் வேண்டாம் என்று சொல்லி, மெஷினில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. "படிச்சு முன்னுக்கு வந்தவ, திரும்பப் பெடல் மிதிக்கப் போறியா?" என்று கத்தினேன்.

"நான் மிதிச்சா இன்னொருத்தி மிதிக்கலாம்க்கா" என்றாள்.

அப்படியும் ஆறு பேர் போக வேண்டியிருந்தது. வாய் பேசினாலும் விவரமான கொளஞ்சி, யார் பெயரையும் கலா சொல்லும் முன்பே, "என் ஊட்டுக்காரருக்கு நெரந்தர வேல இருக்குது. நான் பழைய ஆலைக்கே போறேன். அங்க சூப்பர்வைசர் மூஞ்சியத்தான் சகிக்கணும்" என்று எழுந்துகொண்டாள். அன்று மாலை கலா என் கடைக்கு வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள் என்று இனியவன் சொன்னார்.

ஆனால் அவள் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. மேல்கோர்ட்டில் நவம்பரில் வாதம் நடந்தபோது ஒவ்வொரு நீதிபதியும் என்ன கேட்டார் என்று தேடிப் படித்தாள். அதே மாதத்தில், விலைவாசி ஏறிவிட்டது என்று அந்த ஊர் ஜனங்கள் முணுமுணுக்கவும், காபி, வாழைப்பழம் போன்ற சில உணவுப் பொருள்களுக்கு அதிபர் வரியைக் குறைத்தார். அதை ஃபோனில் கொளஞ்சிக்குச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"காபிக்குக் கொறைச்சவரு சாக்ஸுக்குக் கொறைக்க மாட்டாராமா?"

"திங்குற பொருளுக்குத்தான்டி."

"அவுங்களத் திங்கச் சொல்லுக்கா. நல்ல பஞ்சுதான் வச்சிருக்கோம்."

சிரித்துவிட்டு ஃபோனை வைத்த கலா என்னிடம் சொன்னாள்: "உள்வீட்டுல சத்தம் வந்தாத்தான் அவரு எறங்கி வராருக்கா. நம்ம ஆளுங்க டெல்லியில எத்தன தடவ பேசினாங்க, அதுக்கு எறங்கல. அங்க ஒரு வீட்டுக்காரம்மா காபி வெலயப் பாத்து மொகஞ்சுளிச்சா எறங்குறாரு. எந்த ஊரு ராசாவுக்கும் உள்வீட்டையும் வெளியையும் ஒன்னாப் பாக்குறது கஷ்டம்தான் போல."

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் டெப்ரா அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. எடுத்த பங்கு விற்றுத் தீர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருப்பதால், முழு வரியையும் கட்டி இன்னும் கொஞ்சம் எடுக்கிறார். அடுத்த வருடத்துக்கும் சிறிய ஆர்டர் ஒன்று தருகிறார், அதற்குத் துணி வெட்டும் வேலையை இப்போதே தொடங்கலாம். சக்கரபாணி சார் கலாவைக் கூப்பிட்டு, "ரெண்டு மெஷினுக்கு ஆள் கூப்புடு. ரெண்டே பேரு. மேல கேக்காத" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொளஞ்சி வீட்டுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். கொளஞ்சி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்துவரவில்லை, ஈரக் கையோடே பேசினாள்.

"எத்தினி மாசத்துக்குக்கா உறுதி?"

"சித்திரை வரைக்கும் உறுதி. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது. கோர்ட்டு என்ன சொல்லும், அவரு என்ன செய்வாருன்னு அந்தூர்க்காரங்களுக்கே தெரியல."

"பொய் சொல்லியாவது கூப்புடக் கூடாதா நீ?"

"ஒரு தடவ நல்லதுன்னு நெனச்சு ஒன்னு செஞ்சே உங்க பொழப்புல கைய வச்சுட்டேன். இனிமே தெரிஞ்சத மட்டும்தான் சொல்லுவேன்."

கொளஞ்சி ஒரு சேலையைப் பிழிந்து முடித்தாள். அதை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்: "அந்த ஆலையில மாசம் முடிஞ்சாத்தான் சம்பளம் தருவான். ஒன்னாந்தேதி வரேன். எனக்கு ஜன்னலோரத்து மெஷினு வேணும்."

"அதுல இப்ப நான் உக்காந்திருக்கேன்டி."

"அப்ப நீ எழுந்திரு."

"சரி" என்றாள் கலா.

இதை எழுதும் இந்த மார்கழியில் மேல்கோர்ட்டின் தீர்ப்பு இன்னும் வரவில்லை. மீதிச் சரக்கு கடலுக்கு அந்தப் பக்கம் பூட்டுக்குள் கிடக்கிறது. நேற்று கலா கடைக்கு வந்தபோது, அடுத்த வருடக் கடைசியில் அந்த ஊரில் நாடாளுமன்றத் தேர்தல் வருகிறது, அதில் அதிபரின் கட்சி தோற்றால் வரி என்னவாகும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தனக்கும் தெரியாது என்று சொல்லி, மூட்டை மேல் வசதியாக உட்கார்ந்து செல்போனை எடுத்தாள். நான் கடையை எடுத்துவைக்க ஆரம்பித்தேன்.